லைட்டைக் குறை சொல்லும் முன்: ஜீப்பில் கூடுதல் விளக்குகள் தரும் தொல்லைகளும் தீர்வுகளும்

காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா, தன் ஃபோர் வீல் ஜீப்புக்கு இரண்டு வருடத்தில் மூன்று ஜோடி விளக்குகள் வாங்கினார். முதல் ஜோடி மங்கலாக எரிந்தது என்று அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினார். அதுவும் மங்கல்தான். மூன்றாவது ஜோடியோடு என்னிடம் வந்து, "மாப்பிள்ளை, இதுவும் சரியில்லை என்றால் லாரிக்குப் போடுவதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று ஜோடிக்கும் ஒரே ஒயர்தான் மாறாமல் ஓடியிருந்தது. ஒயரை மாற்றிய பிறகு முதல் ஜோடியே போதும் என்று ஆகிவிட்டது. மற்ற இரண்டும் இப்போது சாளையில் பரண்மேல் இருக்கின்றன.

ஒயர், எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), பிராக்கெட், கோணம் என்ற இந்த நான்கையும் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் விளக்கைச் சந்தேகப்பட வேண்டும். கையில் ஒரு மல்டிமீட்டர், இரு முனையிலும் கிளிப் வைத்த மூன்று மீட்டர் ஒயர், ஒரு மாஸ்கிங் டேப் சுருள் இருந்தால் போதும். ஒயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டும் எரிகின்றன, ஆனால் வெளிச்சம் போதவில்லை

இஞ்சினை ஓடவிட்டு, கூடுதல் விளக்குகளைப் போட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவ் இணைப்பிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஒயர் தடிமன் போதவில்லை, அல்லது இடையில் எங்கோ இணைப்பு இற்றுப்போயிருக்கிறது. இந்தச் சோதனையை விளக்கு எரியும்போதுதான் செய்ய வேண்டும். விளக்கைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் மட்டும் அளந்தால் 12 வோல்ட் முழுசாக வந்து நம்மை ஏமாற்றும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை.

55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். 0.75 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 0.75 சதுர மி.மீ.) செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 ஸ்கொயர் ஒயரில் ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். ஒரு வோல்ட் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைகிறது. மாமாவின் முதல் ஜோடி இருட்டடித்ததன் கணக்கு இதுதான்.

அவர் வண்டியில் இன்னொரு கூத்தும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் நல்ல தடிமன். பிளேடால் முனையைச் சீவியபோது ரப்பர் உறைதான் தடிமன் என்பது தெரிந்தது, உள்ளே மெலிந்த ஒரு கற்றைதான் இருந்தது. அதில் ஒரு இழையைப் பிரித்து பிளேடு முனையால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பைவிட ஒன்றரை மடங்கு இழப்பு தரும், இரண்டு மழைக்காலத்தில் முனையில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். ரெடிமேடாக வரும் ஒயர் செட்டை வாங்கும்போது கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எல்இடி விளக்கில் இந்த நோய் வேறு முகம் காட்டும். அதன் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட், வோல்டேஜ் குறைந்தால் கூடுதல் ஆம்பியரை இழுத்து வெளிச்சத்தைச் சமாளித்துக்கொள்ளும். அதனால் மங்கல் தெரியாது, ஒயர்தான் சூடாகும். இன்னும் குறைந்தால் மினுக் மினுக்கென்று சிமிட்ட ஆரம்பிக்கும். "எல்இடி தானே, மெல்லிய ஒயர் போதும்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒன்று பிரகாசம், மற்றது மங்கல்

பத்தில் எட்டு முறை எர்த்தான். கிளிப் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மங்கலாக எரியும் விளக்கின் எர்த் ஒயரிலும் பிடியுங்கள். சட்டென்று வெளிச்சம் ஏறினால் வேறு சோதனை வேண்டியதில்லை. பவுடர் கோட்டிங் செய்த பம்பரில் போல்ட்டை முறுக்கி அதையே எர்த் என்று விட்டிருப்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தை உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்து, லக் (ஒயர் முனையில் வைக்கும் உலோக வளையம்) வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அதைவிட நல்லது, இரண்டு விளக்கின் எர்த்தையும் தனி ஒயரில் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது. இன்டிகேட்டர் போட்டால் கூடுதல் விளக்கும் லேசாக மூச்சு விடுவதுபோல் மின்னுகிறது என்பார்களே, அதுவும் எர்த் கோளாறுதான். மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அடுத்த வீட்டு வழியாகப் போகிறது.

ஃபியூஸ் போகிறது

எப்போது போகிறது என்பதைக் கவனித்தால் இடம் தெரிந்துவிடும். சுவிட்ச் போட்டவுடன் போனால் நேரடி ஷார்ட். பத்து நிமிடம் எரிந்தபின் போனால் ஃபியூஸ் அளவு குறைவு, அல்லது ஃபியூஸ் பிடிப்பான் தளர்ந்து சூடாகிறது. தொட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் இளகியிருக்கும். பள்ளத்தில் விழும்போது மட்டும் போனால், ஒயர் எங்கோ தகட்டு விளிம்பில் உரசி உறை தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் சட்டத்தின் ஓரத்தையும் கிரில்லின் பின்புறத்தையும் முதலில் பாருங்கள்.

எந்த நிலையிலும் 15 ஆம்பியர் ஃபியூஸ் போனதற்கு 30 ஆம்பியர் போடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, விளக்கை அல்ல. அது இருக்க வேண்டிய இடம் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ரிலேக்கு (டேஷ்போர்டு சுவிட்சின் சிறு மின்னோட்டத்தால் விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து ரிலே வரை ஒன்றரை மீட்டர் ஒயரைப் பாதுகாப்பில்லாமல் விட்ட வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அந்த ஒன்றரை மீட்டரில் ஷார்ட் ஆனால் பானெட்டுக்குள் தீதான்.

சுவிட்ச் போட்டால் ரிலே அசையவில்லை, அல்லது தேனீபோல் ரீங்காரம் செய்கிறது

பழைய வண்டிகளில் இது எளிது. ரிலேயின் 30 என்ற முனை பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85 எர்த்துக்கு, 86 ஹெட்லைட்டின் பிரைட் ஒயருக்கு. பிரைட் போட்டால் கூடுதல் விளக்கு வரும், டிம் போட்டால் போகும். கை எடுக்காமல் எதிர்வண்டிக்கு அணைத்துக் கொடுக்க இதுதான் வசதி. நடுவே டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, தேவைப்படாத நாளில் முழுவதுமாகத் துண்டித்துக்கொள்ளலாம்.

சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் ஹெட்லைட்டின் சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும். பாசிட்டிவ் பொதுவாக நின்றுகொண்டிருக்க, டிம்முக்கும் பிரைட்டுக்கும் நெகட்டிவ்தான் மாறும். அங்கே மேலே சொன்ன முறையில் இணைத்தால் பிரைட் போடும்போது ரிலே தூங்கும், டிம்மில் விழிக்கும். தலை சுற்ற வேண்டாம். 85, 86 இரண்டையும் பிரைட் பல்பின் இரு முனைகளுக்கு இணையாகக் கொடுங்கள். சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் ரிலே கேட்கும். ரிலேக்குள் டயோடு இருந்தால் மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரீங்காரம் புதிய வண்டிகளின் நோய். அவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் சீராகப் போவதில்லை, நொடிக்கு நூறு முறை போல விட்டுவிட்டுப் போகிறது. ரிலேயும் அதே தாளத்துக்கு ஆடி முனை கருகிப்போகும். அத்தகைய வண்டியில் ஹெட்லைட் ஒயரை வெட்டாதீர்கள். இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் ஒரு சீரான பாசிட்டிவை ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுத்து, தனி சுவிட்ச் வழியாக ரிலேக்குக் கொடுங்கள். கையால் அணைக்க வேண்டியிருக்கும். வாரன்டி போவதைவிட அது மேல்.

தூரத்தில் பகல்போல, வளைவில் இருட்டு

இது கோளாறு அல்ல, தேர்வில் நேர்ந்த பிழை. தாராபுரம் பக்கத்து நேர்ச்சாலைக்குத் தேவைப்படும் கதிர் வேறு, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தேவைப்படும் கதிர் வேறு. கடையில் "ஒரு கிலோமீட்டர் அடிக்கும்" என்று காட்டுவது பென்சில் கதிர். எட்டுப் பத்து டிகிரிக்குள் குவிந்திருக்கும். கொண்டை ஊசியில் அது பள்ளத்தாக்கு மரங்களுக்கு வெளிச்சம் காட்டும், நமக்கு அல்ல. மலைக்கும், இருபுறமும் கிளுவை வேலி நெருக்கும் இட்டேரிகளுக்கும் அகலக் கதிர்தான் வேண்டும். என் வண்டியில் இடப்பக்கம் அகலம், வலப்பக்கம் தூரம். சாலையோரம் நடப்பவரும் வேலியிலிருந்து பாயும் நாயும் இடப்பக்கம்தானே.

பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமன் எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது மொத்த வெளிச்சம், எங்கே விழுகிறது என்று சொல்லாது. தூரம் இரட்டிப்பானால் அங்கே விழும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். அதனால் 200 மீட்டரில் போதுமான விளக்கை 400 மீட்டருக்கு இழுக்க நான்கு மடங்கு செறிவு வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மொத்தம் 60 மீட்டர்போல ஆகும். இருநூறு மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் நம் ஊர்ச் சாலைகளுக்குத் தாராளம்.

மூடுபனியில் வெள்ளைச் சுவர் எழும்புகிறது

வால்பாறை மலைப்பாதையில் அட்டகட்டியைத் தாண்டினால் இந்த அனுபவம் கிடைக்கும். விளக்குப் போடப் போடப் பாதை மறையும். பனித்துளிகள் வெளிச்சத்தைத் திரும்பக் கண்ணுக்கே அனுப்புகின்றன. விளக்கு கண் மட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மோசம். கூரைமேல் வைத்த எல்இடி பார் மூடுபனியில் எதற்கும் ஆகாது. அதோடு அது பானெட்டில் பட்டு எதிரொளித்து, வெயில்நாள் இரவிலும் கண்ணைக் கூசவைக்கும். அகலக் கதிரும், மேலே வெட்டிவிட்டதுபோன்ற விளிம்பும் உள்ள ஃபாக் லைட்டை பம்பருக்குக் கீழே, தாழ வைத்து, பிரைட்டை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் வழி. மஞ்சள் நிறம் மூடுபனியைத் துளைக்கும் என்பது சற்று மிகைப்படுத்திய பேச்சு. ஆனால் நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளையைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பது என் கண் சொல்வது. ஈரத் தார்ச்சாலையிலும் அப்படியே.

எதிரே வருபவர் எல்லாம் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள்

அவர்கள் சொல்வது சரி. வண்டியை மட்டமான களத்தில், சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். எங்கள் பக்கம் கொப்பரைக் களத்துச் சுவர் இதற்கு வாகு. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். கதிரின் செறிந்த மையம் அந்த டேப்புக்கு 7 செ.மீ. போலக் கீழே விழ வேண்டும். 75 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கு அப்படி வைத்தால் 75 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும்.

பலர் தவறுவது ஏற்றும் சுமையில்தான். வெறும் வண்டியில் கோணம் வைத்துவிட்டு, பிறகு பின்னால் நான்கு மூட்டை பருத்திக்கொட்டையைப் போடுவார்கள். பின்புறம் 5 செ.மீ. இறங்கினால், 2.4 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியில் கதிர் இரண்டு சதவீதம் மேலே ஏறும். கீழ்நோக்கி வைத்த ஒரு சதவீதமும் காலியாகி வானத்தைப் பார்க்கும். எப்போதும் ஏற்றும் சுமையோடு கோணம் பார்த்து வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி கதிர் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. ஸ்பாட் லைட், சர்ச் லைட் முன்பக்கம் பொருத்துவதற்கு 111-ஆவது விதியில் பொதுத் தடை இருக்கிறது. சாலையில் உறை போட்டு மூடி, தோட்டத்து வழியில் மட்டும் எரிப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். சத்தியமங்கலம், ஆனைமலைக் காட்டுப் பாதையில் யானையைக் கண்டால் கூடுதல் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிம்மில் தள்ளி நில்லுங்கள். அதன் கண்ணில் வெளிச்சம் அடித்துவிட்டு வண்டி ஏன் சாய்ந்தது என்று கேட்கக்கூடாது.

வெளிச்சம் நடுங்குகிறது

தேர்ந்தெடுப்பதைவிடப் பொருத்துவதில்தான் கைவேலை. இஞ்சினை ஐடிலில் விட்டு, விளக்கின் உச்சியில் உள்ளங்கையை வையுங்கள். விரலில் அதிர்வு தெரிந்தால், மண்பாதையில் கதிர் கூத்தாடும். ஹாலஜன் என்றால் இழையும் சீக்கிரம் அறுந்துபோகும்.

காரணம் பெரும்பாலும் மெல்லிய பட்டைத் தகட்டால் செய்த பிராக்கெட், அல்லது பிளாஸ்டிக் பம்பரிலேயே போட்ட திருகு. பிராக்கெட் சேஸிஸோடு போல்ட் போட்டு இணைந்த இரும்பைத்தான் பிடிக்க வேண்டும். தகடு குறைந்தது 4 மி.மீ., விளக்கைத் தாங்கும் போல்ட் 8 அல்லது 10 மி.மீ., நட் நைலாக் (அதிர்வில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தது). ஒற்றை போல்ட்டில் நிற்கும் பெரிய உருண்டை விளக்குக்கு, அதன் மேல்முதுகிலிருந்து ரேடியேட்டர் சட்டத்துக்கு ஒரு மெல்லிய கம்பியை ஸ்டேயாகக் கொடுங்கள். முக்கோணமாகிவிட்டால் ஆட்டம் அடங்கும். நான் முதலில் பட்டறையில் வெல்டிங் வைக்கச் சொல்லி, மூன்று மாதத்தில் வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விட்டது. இப்போது போல்ட் மட்டும்தான். ஏர்பேக் உள்ள வண்டிகளில் முன்பக்க உணரிகள் பம்பருக்குப் பின்னால் இருக்கும். அவற்றின் முன்னால் எதையும் மறைக்கவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம்.

விளக்கை மாட்டுவதற்கென்றே புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டம்) போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இவை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இன்னொன்று. ஒன்பது அங்குல உருண்டைகளை கிரில்லுக்கு நேர் முன்னால் வைத்துவிட்டு, கொல்லிமலையின் 70 வளைவுகளில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று மெக்கானிக்கிடம் போகாதீர்கள். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை நாமேதான் மறைத்திருக்கிறோம். கீழே இறக்குங்கள், அல்லது சிறிய விளக்காக மாற்றுங்கள்.

கண்ணாடிக்குள் நீர்

லேசான மூட்டம் ஓரத்தில் படர்ந்து, அரை மணி எரிந்ததும் மறைந்தால் கவலைப்பட வேண்டாம். காற்றுத் துளை வழியாக மூச்சு விடுகிறது. கீழே துளித்துளியாகத் தேங்கினால் கண்ணாடியைச் சுற்றியுள்ள சீல் விட்டுவிட்டது. நன்றாகச் சூடான விளக்கோடு ஓடையில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி நீரை உள்ளே உறிஞ்சும். ஐந்து நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள். ஐபி67 என்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி தாங்கும் என்பதற்கான சோதனை. வாட்டர் சர்வீஸில் ஒரு முழம் தூரத்தில் வைத்து அடிக்கும் ஜெட்டுக்கு அந்த எண் உத்தரவாதம் தராது.

பத்து நிமிடத்தில் எல்இடி மங்குகிறது

சூடு. பின்புற அலுமினிய மடிப்புகளில் செம்மண் அடைத்திருக்கிறது. பல் துலக்கும் பழைய பிரஷ் போதும். வண்டி ஓடும்போது சரியாகி, நின்றால் மங்கினாலும் இதே கதைதான்.

ரேடியோவில் இரைச்சல், கூரையில் விசில்

விளக்குப் போட்டதும் எஃப்எம்மில் கொரகொரவென்று வந்தால் விளக்கின் டிரைவர் சர்க்யூட்தான் காரணம். பாசிட்டிவ், நெகட்டிவ் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள், ஆன்டெனா கேபிளிலிருந்து விலக்குங்கள், விளக்குக்குப் பக்கத்தில் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டுங்கள். விலை மலிவான விளக்குகளில் இதற்கும் அடங்காது. கூரைமேல் உள்ள எல்இடி பாரில் காற்று பட்டு வரும் விசிலுக்கு, பாரின் மேல் விளிம்பில் கதவு ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் நின்ற வண்டியே விசிலடிக்கும். அதற்கு மருந்து இல்லை.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, அரை மணி கழித்து நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் கோர்த்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ரிலேயைப் பிடுங்குங்கள். முள் இறங்கினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

மாமா வண்டியில் அதுவும் நடந்தது. ரிலே சுவிட்சை நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்திருந்தார். டவுனுக்குப் போகும் நாளில் விளக்கு எரியாமல் இருக்க ஃபியூஸை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சுவிட்சை அணைக்காமல் விட்டார். விளக்கு எரியவில்லை, ரிலேயின் சுருள் மட்டும் 150 மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் மணி. பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பியவர், பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நல்லவேளை, போகிற வழியில் என் வீடு.